பேரில் அசிட், டப்பாவில் நஞ்சு

எங்களில் ஒருத்தி போன மாதம் ஒன்லைனில் ஒரு சின்னப் போத்தல் வாங்கினாள். முப்பது மில்லிலீற்றர் சீரம். பார்சல் வந்த அன்று அம்மாதான் பிரித்தார். போத்தலில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு போய்க் கடைசிச் சொல்லில் நின்றார்.

"அசிட்டோ? உனக்கென்ன விசரே? பற்றரிக்கு விடுறதைக் காசு குடுத்து வாங்கி முகத்தில பூசப்போறியோ?"

அன்று இரவு முழுக்க வீட்டில் அதுதான் கதை. அம்மம்மா, "தேசிக்காய்ப் புளியும் மஞ்சளும் காணாதே பிள்ளை?" என்றார். அடுத்த நாள் காலையில் பக்கத்து வீட்டு மாமி வரைக்கும் செய்தி போய்விட்டது.

அதே வீட்டில், அதே கண்ணாடி மேசையில், இன்னொரு டப்பாவும் இருந்தது. வெள்ளை மூடி. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு எழுத்தும் இல்லை. செய்த இடம் இல்லை, திகதி இல்லை. தெரிந்த ஒருவர் சொல்லி, தெரிந்த ஒரு கடையில் வாங்கியது. "ஏழு நாளில நிறம் எடுக்கும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த டப்பாவைப் பற்றி வீட்டில் ஒருவரும் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. மகளுக்கு அதை வாங்கிக் கொடுத்ததே அம்மாதான்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. எங்கள் எல்லோருடைய வீட்டிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. பயப்படத் தேவையில்லாத சாமானுக்குப் பெயரைப் பார்த்துப் பயப்படுகிறோம். பெயரே இல்லாத சாமானைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். ஏனென்றால் ஒன்று தோலுக்கு ஈரம் தருவதாகச் சொல்கிறது, மற்றது வெள்ளை தருவதாகச் சொல்கிறது. ஈரத்துக்கு ஆர் காசு குடுப்பினம்? வெள்ளை எண்டால் கடன்பட்டும் குடுப்பம்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். தோலைப் பராமரிப்பது வேறு, தோலை வெறுப்பது வேறு. ஹயலுரோனிக் அசிட் முதலாவதற்கு உதவுகிற ஒரு சாதாரண சாமான். அதை மந்திரமாக்கி விற்கிறவர்களும், அதைப் பார்த்து நக்கலடிக்கிறவர்களும், அதே கடையில் வெள்ளை டப்பா விற்கிறவர்களும் சேர்ந்து எங்களைக் குழப்பி வைத்திருக்கிறார்கள். இந்த மூன்று பேரோடும் எங்களுக்கு வழக்கு இருக்கிறது.

முதலில் அந்த அசிட்

1934ஆம் ஆண்டு நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜோன் பாமரும் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கூழ் போன்ற பகுதியிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கண்ணாடிக்குக் கிரேக்க மொழியில் உள்ள சொல்லையும், அதிலிருந்த யூரோனிக் அசிட்டையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். அந்த அசிட் என்ற வால் இரசாயனவியலாளர் வைத்த வகைப் பெயர். எரிக்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

அம்மாமாருக்கு விளங்கப்படுத்த எங்களிடம் நல்ல உதாரணம் இருக்கிறது. எங்களை வயிற்றில் சுமந்த காலத்தில் கிளினிக்கில் கொடுத்த குளிசையை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். போலிக் அசிட். அதையும் அசிட் என்றுதான் எழுதியிருந்தது. விழுங்கினார்கள், நாங்களும் பிறந்தோம். விற்றமின் சியும் அசிட்தான். 

உண்மையில் முகத்துக்குப் பொல்லாத அசிட் என்றால் அது அம்மம்மா சொன்ன தேசிக்காய்ப் புளி. அதன் அமிலத்தன்மையை pH அளவில் சொன்னால் இரண்டுக்குக் கிட்ட. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு ஐந்துக்குக் கிட்ட. இந்த அளவுகோலில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் புளிப்பு பத்து மடங்கு கூடும். போதாததற்கு, தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் போடும், கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். "இயற்கைதானே" என்று அதைத் தேய்த்துவிட்டு, தோலுக்குள் ஏற்கெனவே இருக்கிற ஒரு பொருளுக்குப் பயப்படுகிறோம்.

ஆம், ஏற்கெனவே இருக்கிறது. எழுபது கிலோ எடையுள்ள ஒரு மனித உடம்பில் ஏறத்தாழ 15 கிராம் ஹயலுரோனிக் அசிட் இருக்கும். அதில் அரைவாசி தோலில். மூட்டுக்குள் எண்ணெய் விட்டதுபோல் வழுக்கச் செய்வதும், கண்ணுக்குள் கூழாக நிற்பதும் இதுதான். உடம்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சத்தை அழித்துக் கொஞ்சத்தைப் புதிதாகச் செய்கிறது. வயது போகப் போக, வெயில் படப் பட, தோலில் இதன் அளவு குறைகிறது.

இன்னொரு விசயம். அம்மம்மாவுக்குக் கண்ணில் வெண்புரை வெட்டினார்கள் அல்லவா? 1980களிலிருந்து அந்தச் சத்திரசிகிச்சையில் கண்ணின் உள்பகுதியைப் பாதுகாக்க இதே பொருளைக் கூழாக உள்ளே விடும் வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. கண் காய்கிறவர்களுக்குக் கொடுக்கும் துளிமருந்து பலவற்றிலும் இதுதான். கண்ணுக்குள் விடக்கூடிய ஒன்றைக் கன்னத்தில் பூசுவதற்கு வீட்டில் பஞ்சாயத்து வைக்கத் தேவையில்லை.

சைவமான நண்பர்கள் கேட்பார்கள், மாட்டுக் கண்ணிலிருந்தா எடுக்கிறார்கள் என்று. ஒரு காலத்தில் சேவற் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இன்று அழகுசாதனப் பொருட்களுக்கு வருவதில் மிகப் பெரும்பகுதி பக்ரீரியாவை வளர்த்து, தோசை மா புளிக்க வைப்பது போன்ற நொதித்தல் முறையில் செய்யப்படுவது. சீனாதான் அதில் பெரிய உற்பத்தியாளர்.

என்ன செய்யும், என்ன செய்யாது

ஹயலுரோனிக் அசிட் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. தோலின் மேற்படையில் ஈரம் இருந்தால் தோல் இழுபடாது, செதில் உதிராது, கடிக்காது. காய்ந்து சுருங்கியதால் தெரியும் மெல்லிய கோடுகள் கொஞ்ச நேரத்துக்கு நிரம்பி மறையும். பருவுக்கு மருந்து பூசி முகம் காய்ந்து உரிகிறவர்களுக்கு இது நல்ல துணை. எண்ணெய் வழிகிற முகத்துக்கும் ஒத்துவரும், ஏனென்றால் இதில் எண்ணெய்ப்பசை இல்லை. ஒவ்வாமை வருவது மிக அரிது.

செய்யாதவற்றையும் சொல்ல வேண்டும். நிறத்தை மாற்றாது. பருவை மாற்றாது. பரு போன பிறகு நிற்கும் கறுப்பு அடையாளத்தை அழிக்காது. வெயிலைத் தடுக்காது. வயதைத் திருப்பாது. பூசுவதை நிறுத்தினால் அதன் பலனும் நின்றுவிடும்.

"தோலுக்குள் ஆழமாக இறங்கி" என்று விளம்பரத்தில் வருமே, அதையும் பார்ப்போம். இது மிகப் பெரிய மூலக்கூறு, நீளமான சங்கிலி. எங்கட தோலின் மேற்படை நெருக்கமாக அடைத்த கிடுகு வேலி மாதிரி. சின்னதுகள்தான் நுழையும். பெரிய சங்கிலிகள் வேலிக்கு வெளியேதான் நிற்கும். வெட்டிச் சிறிதாக்கிய துண்டுகள் கொஞ்சம் உள்ளே போகும் என்பது உண்மை, ஆனால் அதுவும் விளம்பரப் படத்தில் காட்டுகிற மாதிரி அடி வரைக்கும் பாய்கிற கதை இல்லை. வெளியே நின்றாலும் பிரச்சினை இல்லை. காய்வதே அந்த வெளிப்படைதான். அங்கே ஈரம் நின்றால் போதும்.

எப்படிப் பூசுவது என்பதில்தான் பல பேர் காசைக் கரியாக்குகிறார்கள். முகத்தைக் கழுவித் துவாயால் அழுத்தித் துடைத்து, பேனுக்குக் கீழே இருந்து காய வைத்துவிட்டுச் சீரம் பூசுகிறார்கள். பிடிப்பதற்குத் தண்ணீர் இல்லாத இடத்தில் அது எதைப் பிடிக்கும்? முகம் ஈரமாக இருக்கும்போதே நாலைந்து துளி பூசுங்கள். அது காயும் முன் மேலே ஒரு சாதாரண ஈரப்பதக் கிறீமைப் பூசுங்கள். பானையில் தண்ணீர் நிரப்பினால் மட்டும் காணாது, மூடியும் வேண்டும். சீரம் தண்ணீர், கிறீம் மூடி. மூடி இல்லாமல் விட்டால் பூசிய தண்ணீர் காற்றோடு போய்விடும், முகம் முன்பைவிட இழுபடுவது போல் இருக்கும்.

எல்லோருக்கும் எல்லாக் காலமும் இது தேவையும் இல்லை. மாரியில், காற்றே ஈரமாக இருக்கும் நாட்களில், பலருக்கு ஒன்றும் பூசாமலே சரி. வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று அடிக்கும்போது யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் ரியூசனுக்குப் போய் வருகிறவருக்கு, நாள் முழுக்க ஏசி அறைக்குள் வேலை செய்கிறவருக்கு, தை மாதக் குளிரில் நுவரெலியாவில் உதடும் கன்னமும் வெடிக்கிறவருக்குத்தான் இதன் அருமை தெரியும். 

இனி விற்கிறவர்களுக்கு

முதலாவது வழக்கு இவர்களோடு. "தன் எடையைப் போல ஆயிரம் மடங்கு தண்ணீரைப் பிடிக்கும்" என்ற வசனம் இல்லாமல் இந்தச் சாமானை எவரும் விற்பதில்லை. ரிக்ரொக்கில் வருகிற அக்காமாரும் அண்ணாமாரும் அதை மந்திரம் போலச் சொல்கிறார்கள். சரி, உண்மை என்றே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு சதவீதச் சீரம் முப்பது மில்லிலீற்றரில் இருக்கிற ஹயலுரோனிக் அசிட் ஏறத்தாழ 0.3 கிராம். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ஒரு முறை ஐந்து துளி பூசினால் முகத்தில் படுவது இரண்டரை மில்லிகிராம் அளவு. அது ஆயிரம் மடங்கு தண்ணீரைப் பிடித்தாலும் மொத்தம் அரைத் தேக்கரண்டி. இதுதான் அந்த ஆயிரம் மடங்கு. கேட்கப் பெரிதாக இருக்கும், அளந்தால் அரைக் கரண்டி.

அடுத்தது விலை. எங்கள் வயதில் பலர் மாதக் கடைசியில் றீலோட் போடக் காசு இல்லாமல் இருக்கிறோம். அப்படி இருக்கும்போது சில ஆயிரம் ரூபா கொடுத்து வாங்கும் போத்தலின் முதல் வேலையைக் கிளிசரின் செய்யும். ஈரத்தைப் பிடித்து வைப்பதில் அது ஹயலுரோனிக் அசிட்டுக்குக் குறைந்ததல்ல. எந்தப் பார்மசியிலும் கிடைக்கும். கொஞ்சம் ஒட்டும், ஆதலால் தனியாகப் பூசாமல் தண்ணீர் நிறையக் கலந்தோ, கிளிசரின் உள்ள மலிவான லோஷனாக வாங்கியோ பாவிக்க வேண்டும். ஹயலுரோனிக் அசிட் ஒட்டாது, இலேசாக இருக்கும், பூசச் சுகம். அந்தச் சுகத்துக்குக் காசு கொடுக்க விருப்பமும் வசதியும் இருந்தால் கொடுங்கள். கொடுக்காவிட்டால் தோல் ஒன்றும் அழிந்துவிடாது. இதை ஏன் ஒருவரும் வீடியோவில் சொல்வதில்லை? கிளிசரின் விற்றால் கொமிஷன் இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களில் ஒருவரும் கொஞ்சக் காலம் இந்தச் சாமான்களை ஒன்லைனில் வாங்கி விற்றவர். பொருளாதார நெருக்கடி நேரம், கம்பஸ் பூட்டிக் கிடந்தது, வீட்டில் வருமானம் இல்லை. 2022 ஓகஸ்ற்றில் அரசாங்கம் முந்நூறுக்கு மேற்பட்ட பொருட்களின் இறக்குமதியை நிறுத்தியபோது வாசனைத் திரவியங்களும் சம்பூவும் அழகுசாதனப் பொருட்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. சாமான் தட்டுப்பட்டது, விலை ஏறியது, ஆர் ஆரோ கொண்டு வந்து தந்ததைப் படம் பிடித்துப் போட்டு விற்றார். "அது ஒறிஜினலோ எண்டு எனக்கே தெரியாது. கேட்ட ஆக்களுக்கு ஓம் எண்டுதான் சொன்னனான்" என்று எங்களிடம் சொன்னார். இன்று விற்கிறவர்களில் பலரும் அப்படியான பிள்ளைகள்தான். அவர்களை வில்லனாக்க எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் தெரியாததை ஓம் என்று சொல்லாதேங்கோ. அந்த ஓம் இன்னொருவரின் முகத்தில் போய் ஏறுகிறது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்னப் பழக்கம் போதும். போத்தலைத் திருப்பிப் பின்பக்கம் வாசியுங்கள். உள்ளடக்கப் பட்டியலில் கூடுதலாக உள்ளது முதலில் வரும். அதன் பெயர் பெரும்பாலும் சோடியம் ஹயலுரோனேற் என்று இருக்கும், அது இதே பொருளின் உப்பு. ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த ஒழுங்கிலும் எழுதலாம், ஆகவே அந்தப் பெயர் நடுவில் நின்றால் ஏமாற்று என்று அவசரப்பட வேண்டாம். வாசனைத் திரவியங்களுக்கும் பிறகு கடைசியில் நின்றால், முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்ட பெயருக்காக மட்டும் கூடுதல் காசு கேட்கிறார்களா என்று யோசியுங்கள்.

ஊசி போடுகிற விசயம் முற்றிலும் வேறு. உதட்டையும் கன்னத்தையும் நிரப்பப் போடும் ஊசியிலும் ஹயலுரோனிக் அசிட் இருக்கிறது. ஆனால் பூசுவதற்கும் ஊசிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஊசி இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் செத்துப் போகலாம், அரிதாகக் கண் பார்வையே போகலாம். பயிற்சி பெற்ற வைத்தியர் அல்லாத ஒருவரிடம், சலூன் கதிரையில் இருந்து, அதற்கு முகத்தைக் கொடுக்காதீர்கள்.

நக்கலடிக்கிறவர்களுக்கு

இரண்டாவது வழக்கு இவர்களோடு. இவர்கள் இரண்டு வகை. முதல் வகை, "ஆம்பிளைக்கென்ன சீரம்?" என்று கேட்கிற மச்சான்மார். இவர்களில் பலர் இரகசியமாகத் தங்கச்சியின் வெள்ளை கிறீமை எடுத்துப் பூசுகிறவர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். தோல் காய்வதில் ஆண், பெண் இல்லை. கடலுக்குப் போய் உப்புக்காற்றில் நிற்கிறவருக்கும், வெங்காயத் தோட்டத்தில் வெயிலில் குனிந்து நிற்கிறவருக்கும் வெடிப்பது தோல்தான். 

இரண்டாவது வகை எங்களோடு கூட்டங்களுக்கு வருகிற தோழர்கள். "நாட்டில ஆயிரம் பிரச்சினை, நீங்கள் கிறீம் பற்றிக் கதைக்கிறியள்" என்கிறார்கள். காணி, வேலை, காணாமல் ஆக்கப்பட்டோர் என்று கதைக்க வேண்டியவற்றை நாங்களும் கதைக்கிறோம். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து அருவருக்கிறாள் என்றால் அதுவும் அரசியல்தான். நீங்கள் அதைக் கதைக்காத இடத்தில்தான் வெள்ளை டப்பா விற்கிறவன் வந்து கதைக்கிறான். அவன் அவளுக்குக் காது கொடுக்கிறான், பதில் சொல்கிறான், அன்போடு தங்கச்சி என்கிறான். நீங்கள் மேட்டுக்குடி நுகர்வுக் கலாசாரம் என்று ஒரு வசனம் சொல்லிவிட்டு எழும்பிப் போகிறீர்கள்.

வெள்ளை டப்பா

மூன்றாவது வழக்குத்தான் பெரியது. 

எங்கட நட்பு வட்டத்தில் ஒருத்தி உயர்தரம் முடித்த கையோடு பெயரில்லாத கிறீம் ஒன்றைப் பூசத் தொடங்கினாள். அதற்குக் காரணம் ஒரேயொரு வசனம். அக்காவுக்குச் சம்பந்தம் பேச வந்த இடத்தில் ஒருவர், "இளையவள் கொஞ்சம் நிறம் குறைவு என்ன?" என்று சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறார். கேட்டவர் அதை அன்றே மறந்திருப்பார். இவள் மறக்கவில்லை.

முதல் மாதம் முகம் பளபளத்தது. எல்லோரும் கேட்டார்கள், "என்னடி பூசுறாய்?" வாழ்க்கையில் முதன்முறையாகச் சொந்தக்காரர்கள் அவளை வடிவு என்றார்கள். ஒன்றரை வருசம் பூசினாள். பிறகு கடையில் சாமான் முடிந்துவிட்டது. ஒரு கிழமைக்குள் முகம் சிவந்து எரிந்தது. வெயிலில் நிற்க முடியவில்லை. கன்னம் முழுக்கச் சின்னச் சின்னப் பரு. தோல் மெலிந்து உள்ளே சிவப்பு நரம்பு தெரிந்தது. கிளினிக்கில் வைத்தியர் முதலில் கேட்டது, "என்ன பூசினீங்கள்? டப்பாவைக் கொண்டு வாங்கோ." கொண்டு போனாள். டப்பாவில் வாசிக்க ஒன்றும் இல்லை. முகத்தைப் பார்த்துத்தான் ஸ்டீரொயிட் என்று வைத்தியர் சொன்னார்.

ஸ்டீரொயிட் கிறீம்கள் தேவையான மருந்துகள். பீற்றாமெதசோன், குளோபீற்றசோல் போன்றவற்றைக் கரப்பனுக்கும் வேறு தோல் நோய்களுக்கும் வைத்தியர் அளந்து, நாள் கணக்குச் சொல்லித் தருவார். அவற்றை முகத்துக்கு மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், சிவக்கும், பரு போடும், முடி முளைக்கும், நிறுத்தினால் எரியும். "நிறம் எடுக்கும்" என்று அவர்கள் சொன்னது அந்த மருந்தின் பக்கவிளைவைத்தான். பக்கவிளைவைக் காசுக்கு விற்கிறார்கள்.

இன்னொன்று பாதரசம். தோலில் நிறமி உருவாவதை அது தடுக்கும், அதனால்தான் போடுகிறார்கள். அது சிறுநீரகத்தைப் பழுதாக்கும், நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். பூசியவரோடு நிற்காது. அதன் ஆவியை அதே அறையில் படுக்கிற குழந்தையும் சுவாசிக்கும், துவாயிலும் தலையணையிலும் ஒட்டும். பட்டியலில் கலோமெல், மேர்கியூரியோ என்ற சொற்களோ, தங்கம், வெள்ளி நகைகளில் படவிடாதீர்கள் என்ற எச்சரிக்கையோ இருந்தால் அதைத் தொடாதீர்கள். நகைக்கு ஆகாதது முகத்துக்கு எப்படி ஆகும்?

இது ஏதோ வதந்தி இல்லை. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் ஒரு தரப்பு. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனப் பொருட்களை 2020ஆம் ஆண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று அது சொன்னது. 2023இல் ஜெனீவாவில் கூடியபோது, அந்த அளவு விலக்கையும் எடுத்துவிட்டு 2025க்குள் முழுதாக நிறுத்துவது என்று முடிவெடுத்தார்கள். அதே 2023இல் இலங்கை, காபோன், ஜமேக்கா ஆகிய மூன்று நாடுகளில் பாதரச வெள்ளைக் கிறீம்களை ஒழிக்க ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைமையில் ஒரு கோடியே நாற்பது இலட்சம் டொலர் வேலைத்திட்டம் தொடங்கியது. உலகத்தில் மூன்று நாட்டைத் தெரிந்தபோது அதில் எங்கட நாடு ஒன்று. யோசித்துப் பாருங்கள்.

சட்டத்தின் கதையும் உண்டு. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே அழகுசாதனப் பொருட்கள், சாதனங்கள், மருந்துகள் சட்டம். 2015இல் அதை நீக்கி, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் வந்தது. பழைய பெயரில் முதலாவதாக நின்ற அழகுசாதனப் பொருட்கள் புதிய பெயரில் இல்லை. முகத்தில் பூசுகிற சாமானைச் சந்தைக்கு வரும் முன் யார் பார்ப்பது என்ற கேள்வியை நாங்கள் உரத்துக் கேட்க வேண்டும். பெயரில்லாத டப்பாவைக் கண்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு சொல்லலாம். 

ஆனால் சட்டம் மட்டும் காணாது. 1975இல் இந்தியாவில் வந்த பெயார் அன்ட் லவ்லி 2020இல் பெயரிலிருந்த பெயாரை எடுத்து குளோ அன்ட் லவ்லி ஆனது. பெயரை மாற்றலாம், எங்கட வாயை ஆர் மாத்திறது? கன நாளைக்குப் பிறகு கண்டால் முதல் வார்த்தை, "என்ன பிள்ளை, நல்லாக் கறுத்துப் போனாய்?" மணமகள் தேவை விளம்பரத்தில் படிப்புக்கு முன் நிறம். சாமத்தியச் சடங்குப் படத்தில் பிள்ளையின் கையும் முகமும் இரண்டு நிறம், ஸ்ரூடியோக்காரர் வெளிறவைத்துக் கொடுக்கிறார், பெற்றோர் நன்றி சொல்லிக் காசு கொடுக்கிறார்கள். டப்பா விற்கிறவன் இந்தச் சந்தையை உருவாக்கவில்லை. நாங்கள் கட்டி வைத்த சந்தைக்குள் அவன் கடை போட்டிருக்கிறான்.

என்ன கேட்கிறோம்

ஈரம் வேண்டுமென்றால் ஈரத்துக்குப் பூசுங்கள். ஹயலுரோனிக் அசிட்டோ கிளிசரினோ, கைக்கு எட்டியதை, விளங்கிப் பூசுங்கள். முகத்துக்கு ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் சீரத்தை விட்டுவிட்டுச் சன்ஸ்கிறீன் வாங்குங்கள். பரு அடையாளம் ஆழமாகாமல் இருக்க அதுதான் உதவும்.

பெயரில்லாத டப்பா ஒன்றை இப்போது பூசிக்கொண்டிருந்தால் வெட்கப்படாமல் தோல் வைத்தியரிடம் போங்கள், டப்பாவையும் கொண்டு போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் அதற்குக் காசு இல்லை. நிறுத்தியதும் எரிகிறதே என்று திரும்பப் பூசத் தொடங்காதீர்கள். அந்த எரிவுதான் அவர்களுக்கு உங்களை நிரந்தர வாடிக்கையாளர் ஆக்குகிறது.

ஒருவரைக் கண்டால் நிறத்தைப் பற்றிக் கதைக்காதீர்கள். கறுத்துப் போனாய் என்றும் வேண்டாம், வெளுத்து வடிவாய் வந்திட்டாய் என்றும் வேண்டாம். இரண்டாவது வசனம்தான் அவளை ஒன்றரை வருசம் பூச வைத்தது.

அந்த வீட்டுக் கதைக்கு வருவோம். போத்தலின் பின்பக்கத்தை மகள் அம்மாவுக்குச் சொல்லுச் சொல்லாக வாசித்துக் காட்டினாள். தண்ணீர், கிளிசரின், சோடியம் ஹயலுரோனேற் என்று பதினொரு பெயர். பிறகு வெள்ளை டப்பாவை எடுத்து, "இப்ப இதை நீங்கள் வாசியுங்கோ அம்மா" என்று கையில் கொடுத்தாள். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியின் உள்பக்கத்தையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

டப்பா இன்னும் அந்த மேசையில்தான் இருக்கிறது. குப்பையில் போடவும் அம்மாவுக்கு மனமில்லை, காசு குடுத்து வாங்கினது. ஆனால் ஒருவரும் திறப்பதில்லை. இதை வாசித்து முடித்ததும் எழும்பிப் போய் உங்கட வீட்டுக் கண்ணாடி மேசையையும் ஒருக்காப் பாருங்கோ. வாசிக்க எழுத்தே இல்லாத ஏதாவது இருந்தால், ஆர் வாங்கினது, ஏன் வாங்கினது என்று கேளுங்கோ. பதில் நிறத்தில் வந்து நிற்கும். அங்கிருந்து கதைக்கத் தொடங்குவோம்.